அலுவலக மடிக்கணினியை நாமே தேர்ந்தெடுத்தால் அது நமக்குச் சொந்தமாகுமா?

மலேசியாவின் பினாங்கில் உள்ள பாயான் லெப்பாஸில் புது வேலை, நிறுவனம் தரும் பட்டியலில் உள்ள மடிக்கணினி, கைப்பேசிகளில் பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள், அது எனக்கே சொந்தமா என்று கேட்டிருந்தீர்கள்.

இல்லை. தேர்வு உங்களுடையது, பொருள் நிறுவனத்துடையது. பட்டியலில் நாலைந்து மாடல்கள்தான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்புப் புதுப்பிப்பு, பழுதுபார்ப்பு எல்லாம் ஐடி பிரிவின் பொறுப்பு அல்லவா?

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. அதில் மேலாண்மை மென்பொருள் இருக்கும். சாதனத்தைத் தூரத்திலிருந்தே பூட்டலாம், முழுவதும் அழிக்கலாம். என்னோடு வேலை செய்த ஒருவர் ராஜினாமா செய்த அன்றே மகளின் குழந்தைப் பருவப் படங்களை இழந்தார். இன்றும் மனது கேட்கவில்லை. தயவுசெய்து சொந்தப் படங்களை அதில் வைக்காதீர்கள்.

சாதனம் தொலைந்தால் நிறுவனத்திடம் உடனே சொல்லுங்கள், மறுநாள்வரை தள்ளாதீர்கள். அதிலுள்ள தகவல் பிறர் கைக்குப் போனால் அது தரவுக் கசிவாகலாம். மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பின்னர் வந்த திருத்தத்தின்படி, 2025 ஜூன் 1 முதல், பெரும் பாதிப்பு தரக்கூடிய தரவுக் கசிவை நிறுவனம் 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும்.

அப்புறம், கையெழுத்திடும் முன் இதையும் கேளுங்கள்: திரை உடைந்தால் செலவு யாருடையது? வேலையை விடும்போது விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாமா?