மறைந்துபோனவர்கள் பானை விற்கிறார்கள்

அன்புள்ள ஐயா,

நான் டாலஸில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார்கள், 68 வயது. மார்ச் கடைசியில் பத்து நாள் ஆர்.வி. (படுக்கை, சமையலறை உள்ள வண்டி) வாடகைக்கு எடுத்து நியூ மெக்சிகோ, கொலராடோ பக்கம் போகத் திட்டம். மெசா வெர்டேயும் சாக்கோவும் கண்டிப்பாக உண்டு. மர்மமான முறையில் மறைந்துபோன அனசாசி இனத்தின் நகரங்களை அம்மாவுக்குக் காட்ட ஆசை. முப்பது அடி வண்டி எடுக்கலாமா? ஜெனரேட்டர் வேண்டியிருக்குமா? நீங்கள் அந்தப் பக்கம் போனதாக எழுதியிருந்தீர்கள்.

சரவணன்

அன்புள்ள சரவணன்,

அம்மாவோடு போகிறீர்கள். அதற்காகவே உடனே பதில் எழுதுகிறேன். ஆனால் அந்த ‘மர்மமான முறையில்’ இருக்கிறதே, அதற்குத் திட்டிவிட்டுத்தான் வண்டிக்கு வருவேன். ஒரு மாதமாக இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

என்னய்யா மர்மம்? டக்ளஸ் என்கிற வானியலாளர் பழைய உத்தரங்களின் மர வளையங்களை எண்ணி, எந்த வீடு எந்த ஆண்டு கட்டியது என்று 1929லேயே கணக்குப் போட்டுவிட்டார். 1276 முதல் 1299 வரை கடும் வறட்சி என்பதும் அந்த வளையங்களில்தான் இருக்கிறது. மழை பொய்த்தது, சண்டையும் சேர்ந்துகொண்டது. மெசா வெர்டேயின் பாறை வீடுகளில் இருந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு தெற்கே பெயர்ந்தார்கள். ரியோ கிராண்டே ஆற்றங்கரை, ஆக்கோமா, சூனி, ஹோப்பி ஊர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே மக்காச்சோளம் விதைக்கிறார்கள். என் தாத்தாவும் தண்ணீர் இல்லாமல் ஊரைவிட்டு வந்தவர்தான். அவர் மர்மமாக மறைந்தார் என்று யாரும் எழுதவில்லை.

‘அனசாசி’யும் அவர்கள் சொல் இல்லை. பக்கத்தில் வாழும் நவஹோ பழங்குடியினரின் மொழிச் சொல். பழைய எதிரிகள் என்கிற மாதிரிப் பொருள். பக்கத்து வீட்டுக்காரன் வைத்த பட்டப்பெயரைச் சொல்லி உங்கள் தாத்தாவை நான் விசாரித்தால் பொறுப்பீர்களா?

சரி, கோபம் வேண்டாம். நானும் இதே முட்டாள்தனத்தைச் செய்தவன். சாக்கோவில், அறுநூறு அறைகளுக்கு மேல் உள்ள புவெப்லோ பொனிட்டோ என்கிற இடிந்த பெருங்கட்டடத்தில் ஒரு சாயங்காலம் தனியாக நின்றேன். அடுத்தடுத்து வாசல்கள், ஒன்றுக்குள் ஒன்று தெரிந்தன. நோட்டை எடுத்து, ‘எங்கே போனீர்கள்?’ என்று எழுதினேன். கீழே இரண்டு முறை கோடு வேறு.

இரண்டு நாள் கழித்து ஆக்கோமா. சுமார் 365 அடி உயர மேட்டின் உச்சியில் ஊர். மேலே மின்சாரம் கிடையாது. 1599இல் ஓன்யாத்தே என்கிற ஸ்பானியத் தளபதியின் படை அந்த ஊரை எரித்து நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றது. பிடிபட்டவர்களில் 25 வயதைத் தாண்டிய ஆண்களுக்கு ஒரு பாதத்தை வெட்டத் தீர்ப்பு. அதையும் தாங்கித் திரும்பி வந்து கட்டிய ஊர். எங்களை அழைத்துப் போன அந்த ஊர்ப் பெண் பேச்சுவாக்கில் கேட்டார், “சாக்கோ போய்விட்டா வருகிறீர்கள்? எங்கள் பழைய வீடு எப்படி இருக்கிறது?”

என்ன பதில் சொல்வது? நன்றாக இருக்கிறது என்றேன். ராத்திரி வண்டியில் அந்த நோட்டைத் திறக்கவே கூச்சமாக இருந்தது.

வண்டி. முப்பது அடி எதற்கு, இரண்டு பேருக்கு? 24 போதும். சாக்கோ முகாமில் 35 அடிக்கு மேல் விடமாட்டார்கள். மின் இணைப்பும் இல்லை. ஜெனரேட்டர் பற்றி யாராவது விவரம் தெரிந்தவரைக் கேளுங்கள். நெடுஞ்சாலையை விட்டபின் 13 மைல் மண்சாலை, வரிவரியாக மேடுபள்ளம். எங்கள் அலமாரி தானே திறந்து குக்கர் என் காலில் விழுந்தது. வாடகைக்காரர்கள் மண்சாலைக்கு அனுமதிக்கிறார்களா என்று பாருங்கள். மழை பெய்தால் போகவே வேண்டாம்.

மெசா வெர்டேயில் ஒரு நாளைக் குறைத்து ஆக்கோமாவுக்குக் கொடுங்கள். சடங்கு நாட்களில் வெளியாரை விடமாட்டார்கள், கேட்டுவிட்டுப் போங்கள். ஆர்.வி.யைக் கீழே நிறுத்திவிட்டு அவர்களுடைய பேருந்தில் ஏற வேண்டும். மேலே வீட்டு வாசலில் பெண்கள் பானை வைத்து விற்பார்கள். அம்மா பானையைத் தட்டிப் பார்த்து விலை கேட்பார்கள், அவசரப்படுத்தாதீர்கள். திரும்பும்போது அம்மா பேருந்திலேயே வரட்டும். நீங்கள் பழைய படிக்கட்டில் இறங்குங்கள். பாறையில் கை பிடிக்கக் குழிகள் வெட்டியிருக்கும். சரியாக விரல் பொருந்தும்.