முயல்குட்டி வீட்டின் அருமையை உணர்கிற படக்கதை: எங்கே ஒட்டாமல் போகிறது?

கேள்வி: தருமபுரிப் பக்கத்தில் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்காக, வீட்டை விட்டுப் போய்த் திரும்பி வரும் முயல்குட்டியைப் பற்றி ஒரு படக்கதை செய்கிறேன். வளை வீடு, மெத்தை, கேரட் எல்லாம் வரைந்தாயிற்று. ஆனால் நம் ஊர்க் கதையாக இல்லை. எதை மாற்ற வேண்டும்?

பதில்:

முதலில் அந்த வளையை எடுத்துவிடுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிக் கொல்லைகளில் ஓடுவது பிடரியில் கருப்புத் திட்டு உள்ள பழுப்புக் காட்டு முயல். அது வளை தோண்டாது. புல்தூருக்கு அடியில் உடம்பை அழுத்தி, தன் முதுகு அளவுக்கு ஒரு சின்னப் பள்ளம் பண்ணி, பகலெல்லாம் அதில் அசையாமல் கிடக்கும். அந்தி சாய்ந்துதான் மேயக் கிளம்பும். வெள்ளை உடம்பும் சிவப்புக் கண்ணுமாக நாம் பார்ப்பது பண்ணை முயல். அதன் குட்டி மயிரில்லாமல், கண் மூடிப் பிறக்கும். காட்டு முயல்குட்டி மயிரோடு, கண் திறந்தே பிறக்கும். அதனால் சின்னதிலேயே அது துள்ளிக் கிளம்பினாலும் பொய்யாகத் தெரியாது.

இந்தப் பள்ளம் உங்கள் கதைக்குக் கிடைத்த வரம். சுவரும் கதவும் இல்லாத இடத்தை ஏன் வீடு என்கிறோம்? அதைத்தான் படங்கள் காட்ட வேண்டும். நிழல் இருக்கிறது, தரை காய்ந்திருக்கிறது, பள்ளம் குட்டியின் உடம்புக்குப் பொருந்துகிறது. முதல் நான்கு பக்கங்களில் இந்த மூன்றையும் படமாக மட்டும் காட்டுங்கள், எழுத்தில் சொல்லாதீர்கள். பிறகு குட்டி போகிற ஒவ்வொரு இடத்திலும் இதில் ஒன்று குறையட்டும். மாந்தோப்பில் உதிர்ந்த பழம் நிஜமாகவே இனிக்கும், ஆனால் உழுது விட்ட தோப்பில் படுக்கப் புல் இருக்காது. பாறை மேல் ஊரே தெரியும், உச்சிவேளையில் கால் சுடும். தென்பெண்ணைக் கரையில் புல் பச்சையாக இருக்கும், வயிறு நனைந்துவிடும். வெளியூரைக் கெட்ட இடமாகக் காட்டிவிடாதீர்கள். மாம்பழம் இனிக்கவில்லை என்று எழுதினால் கிருஷ்ணகிரிப் பிள்ளை ஒன்றுகூட நம்பாது.

பெரும்பாலான கதைகள் சறுக்குவது திரும்பி வரும் இடத்தில்தான். "பார்த்தியா கண்ணு, நம்ம வீடு மாதிரி வருமா?" என்று அம்மா பேசத் தொடங்கினால், குழந்தை தானாகப் பிடித்திருக்க வேண்டியது கை நழுவிப் போகும். நாய் துரத்திக் குட்டியை வீட்டுக்கு விரட்டினாலும் இதே கதிதான். அது பயத்தில் வந்ததே தவிர ஆசையில் வரவில்லை. இதற்கான வழி முயலின் இயல்பிலேயே இருக்கிறது. தாய் முயல் பகலில் குட்டியோடு இருக்காது. மோப்பம் பிடித்து எதிரி வந்துவிடாதபடி விலகியிருந்து, இருட்டியதும் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும். அப்படியென்றால், குட்டி பொழுது சாய்வதற்குள் அங்கே இருந்தாக வேண்டும். வீடு என்பது அம்மா தேடி வருகிற இடம். கதைக்கு ஓட்டம் தருவது இதுதான்: பக்கத்துக்குப் பக்கம் வெயிலின் நிறம் மாறட்டும், நிழல் நீளட்டும். கடைசிப் பக்கத்துக்கு நான்கு சொல் போதும்: "இருட்டியது. மெல்லப் புல் அசைந்தது." படத்தில் புல்லுக்கு மேலே இரண்டு நீளக் காதுகள்.

பருவத்தையும் கவனியுங்கள். வைகாசி, ஆனியில் மாம்பழம் உதிரும்போது மானாவாரிக் கொல்லையில் கேழ்வரகுக் கதிர் நிற்காது. இரண்டையும் ஒரே படத்தில் வரைந்தால் விவசாய வீட்டுப் பிள்ளை கேட்டுவிடும். யாரோ குட்டியைப் பிடித்து வளர்க்கிற காட்சியும் வேண்டாம். காட்டு முயலைப் பிடிப்பது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

புத்தகத்துக்கு 24 பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பின் அடிக்கிற புத்தகத்தில் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். தலைப்புக்கும் பதிப்பு விவரத்துக்கும் இரண்டு போனால், தொடக்கத்தில் ஒற்றைப் பக்கம், நடுவில் பத்து இரட்டைப் பக்கங்கள் (விரித்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கம்), முடிவில் ஒற்றைப் பக்கம். மொத்தம் 250 முதல் 300 சொல்லுக்குள் அடக்குங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம், எனவே எழுத்து 22 பாயின்ட்டாவது இருக்கட்டும். வரி முடிவில் சொல்லை உடைக்காதீர்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற குழந்தை அங்கேயே நின்றுவிடும். "அங்கே என்ன இருந்தது?" என்பது வலப்பக்கக் கடைசியில் வர வேண்டும், விடை புரட்டிய பிறகு. முயலின் முகம் நடு மடிப்பில் விழக் கூடாது. அச்சுக்குக் கொடுக்கும்போது படம் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) இருக்க வேண்டும், ஓரம் வெட்டும்போது வெள்ளை தெரியாதபடி நாலு ஓரத்திலும் 3 மில்லிமீட்டர் கூடுதல் படம் வேண்டும். திரையில் பளிச்சென்று தெரிகிற பச்சை தாளில் மங்கும் என்பதால், புல்லின் நிறத்துக்கு ஒரு மாதிரிப் பக்கம் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

அதற்கும் முன்னால், ஆறு ஏ4 தாளை நடுவில் மடித்து நூலால் கட்டினால் 24 பக்கம் கிடைக்கும். பென்சிலில் கோட்டுப் படம் போட்டு, ஒரு அங்கன்வாடியில் நாலைந்து பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். எந்தப் பக்கத்தில் பார்வை வெளியே போகிறதோ, அந்தப் பக்கத்தில் சொற்கள் கூடிவிட்டன என்று பொருள். பாதியை அடித்துவிட்டு மறுபடி வாசியுங்கள்.