கோதுமை சாப்பிட்டால் வயிறு உப்புகிறது. குளூட்டன் இல்லாத உணவுக்கு மாறலாமா?

மாறலாம், இன்றைக்கு வேண்டாம். ரீல்ஸ் பார்த்துவிட்டு நீங்கள் சப்பாத்தியை ஏற்கெனவே நிறுத்தியிருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

எனக்கு சீலியாக் என்கிற குடல் நோய். 34 வயதில்தான் தெரிந்தது. அதற்கு முன் இரண்டு வருடம் ஹீமோகுளோபின் எட்டைத் தாண்டவில்லை. இரும்புச் சத்து மாத்திரை, பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை, ஒன்றும் பாக்கியில்லை. "வேளாவேளைக்கு ஒழுங்கா சாப்பிடுங்கம்மா" என்பார் டாக்டர். சாப்பிட்டது உள்ளே ஒட்டினால்தானே! கோதுமை, பார்லி, ரை என்கிற தானியம், இவற்றிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தைப் பார்த்து என் உடம்பே என் சிறுகுடலைத் தாக்கிக்கொண்டிருந்தது. அவரை மட்டும் குறை சொல்லவில்லை. வட இந்தியாவில் நூற்றுக்கு ஒருவருக்கு மேல் இருக்கிற நோய், தெற்கே ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் என்று 2016-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. இங்கே யாருக்கு இது சட்டென்று தோன்றும்?

"அரிசி தின்கிற ஊரில் உனக்கென்ன கஷ்டம்?" என்று கேட்பவர்களுக்காக ஒரு கதை. நாத்தனார் வீட்டில் விருந்து. பாவம், எனக்காகவே பார்த்துப் பார்த்துச் சமைத்திருந்தாள். "எல்லாம் அரிசிதான் அண்ணி, பயப்படாம சாப்பிடுங்க." சாதம், சாம்பார், ரசம், ரவை சேர்க்காத பாயசம். மறுநாள் முழுக்க நான் எழுந்திருக்கவில்லை. பிறகு அவள் சமையலறையில் ஒவ்வொரு டப்பாவாக எடுத்துப் படித்தோம். கடைசியில் மாட்டியது கூட்டுப் பெருங்காயம். பொருட்கள் பட்டியலில் மைதா. அவள் அழுதுவிட்டாள். அன்றிலிருந்து ஓட்டல் சாம்பாரை நான் தொடுவதில்லை. தோசையும் அப்படித்தான், அதே கல்லில் சற்றுமுன் பரோட்டா வெந்திருக்கும்.

இது பணக்கார வியாதி, புது நாகரிகம் என்று கீழே எழுத வருபவர்களுக்கு: கோதுமைதான் காரணம் என்று ஹாலந்தின் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே 1950-லேயே ஆய்வேடு எழுதிவிட்டார். நாகரிகத்துக்காக விடுபவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது. அலுவலகத்தில் ஒரு பெண் "நான் குளூட்டன் ஃப்ரீ" என்று கேன்டீனில் தனியாகக் கேட்டு வாங்குவாள். பிறந்தநாள் கேக் வந்தால் முதல் துண்டு அவளுக்கு. அடுத்து நான் போய்க் கேட்டால் பரிமாறுபவர் சிரிக்கிறார்.

மாத்திரையிலும் சில சமயம் கோதுமை மாவுச்சத்து இருக்கலாம் என்பதால் அதையும் படித்துத்தான் விழுங்க வேண்டும். ஆனால் மருந்துக்கடையில் பட்டையைக் கத்தரித்து நான்கு மாத்திரை தருகிறார்களே, பெயரும் காலாவதித் தேதியும் இருக்கிற துண்டு ஏன் எப்போதும் கடையிலேயே தங்கிவிடுகிறது? முழுப் பட்டை கேட்டால் நம்மை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். 

உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்களுக்கும் சீலியாக்தானா என்று பார்க்க டிடிஜி-ஐஜிஏ என்றொரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அதில் ஏதாவது தெரிந்தால் எண்டோஸ்கோப்பியில் குடல் சதையைத் துளி எடுத்துப் பார்ப்பார்கள். கோதுமையை நிறுத்தி நாளாகிவிட்டால் இரண்டுமே ஒன்றும் இல்லை என்று காட்டிவிடலாம். அதனால் டாக்டரிடம் நிறுத்தியதைச் சொல்லிவிடுங்கள். அவர் சாப்பிடச் சொன்னால், பரிசோதனை முடியும்வரை சப்பாத்தி சாப்பிடுங்கள், வயிறு உப்பினாலும்.