ஆதாரம் இல்லாத அச்சத்தை யாரிடம் சொல்வது?

கேள்வி: எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கடல் தொழிலுக்குப் போன இடத்தில் இறந்துவிட்டார். அவருடைய மனைவி காலையில் அண்டியாபீஸ் (முந்திரி ஆலை) வேலைக்குப் போனால் இருட்டும் நேரத்தில்தான் திரும்புவார். பள்ளி விட்டதும் உறவினர் ஒருவர் வீட்டில் இருக்கும் பத்து வயது மகன், சில வாரங்களாக அங்கே போக மறுத்து அழுகிறான். என் வீட்டு வாசலிலேயே நின்றுவிடுகிறான். அந்த உறவினர் தாய்க்குத் தெரியாமல் அவனுக்குக் கைப்பேசி வாங்கிக் கொடுத்திருக்கிறார். என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. வெளியே சொன்னால் குடும்பத்தின் மானம் போய்விடுமோ, பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்துவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன்.
– ஒரு வாசகி, குளச்சல்

பதில்: சகோதரி, ஆதாரம் திரட்டுவது காவல்துறையின் பொறுப்பு, உங்களுடையது அல்ல. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், அத்தகைய குற்றம் நடந்ததை அறிந்தவர் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. நல்லெண்ணத்தோடு தகவல் தருபவருக்குப் பாதுகாப்பும் அளிக்கிறது. அச்சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட ஆண் பிள்ளைகளுக்கும் பொருந்தும். 'ஆம்பளப் பிள்ளைதானே' என்ற பேச்சுக்கு அஞ்சியே பல சிறுவர்கள் வாய் திறப்பதில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

அவன் அங்கே போக மறுப்பதற்கு அடி, மிரட்டல் போன்ற வேறு காரணமும் இருக்கலாம். ஆயினும் அழுகையும் ரகசியப் பரிசும் சேர்ந்து வரும்போது காத்திருக்கக் கூடாது. தாயிடம் தனியாக, அவர்மீது பழி போடாமல், நீங்கள் கண்டதை மட்டும் சொல்லுங்கள். சிறுவனிடம் கேள்வி மேல் கேள்வி கேட்க வேண்டாம். அவனாகவே ஏதாவது சொன்னால் இடைமறிக்காமல் கேட்டு, 'தப்பு உன்மீது இல்லை' என்று சொல்லுங்கள்; 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அந்த உறவினரிடம் நேரில் போய்க் கேட்பதும் கூடாது. அவர் பிள்ளையை மிரட்டி வாயடைத்துவிடக்கூடும்.

பிறகு குழந்தைகள் உதவி மையத்தின் 1098 என்ற இலவச எண்ணுக்கு அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் பேசலாம். ஊர்க்கமிட்டியிலோ அன்பியக் கூட்டத்திலோ (பங்கு மக்களின் சிறு குழுக் கூட்டம்) இதைப் பேச வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறேன். ஊர்ப் பெரியவர்கள் நல்ல மனத்தோடு சமரசம் பேசினாலும், இது சமரசம் செய்து முடிக்கக்கூடிய குற்றம் அல்ல. மேலும், அங்கே பேசினால் பிள்ளையின் பெயர் ஊர் முழுவதும் தெரிந்துவிடும். சட்ட வழியிலோ பெயரை வெளியிடத் தடை இருக்கிறது. வாக்குமூலத்தை அவன் வீட்டிலேயே பதிவு செய்யலாம். அப்போது வரும் காவலர் சீருடையில் இருக்கக் கூடாது.

தாயிடமிருந்து பிரித்துவிடுவார்களோ என்ற அச்சமே பலரின் வாயைக் கட்டிவிடுகிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிள்ளையைக் குழந்தைகள் இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகவே கருதுகிறது. குறைந்த வருமானத்தில் பிள்ளை வளர்க்கும் விதவைத் தாய்க்கு, மிஷன் வாத்சல்யா என்ற அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை பெற வழி உண்டு. அதற்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு நாள் கூலியை இழந்து நாகர்கோவிலுக்கு அலைவது அவருக்குக் கடினம் என்பதால், முடிந்தால் நீங்களும் உடன் செல்லுங்கள்.

இவையெல்லாம் நடக்கச் சில நாட்கள் ஆகலாம். அதுவரை, தாய் சம்மதித்தால், பள்ளி விட்டு வரும் சிறுவன் இன்று மாலை முதலே உங்கள் வீட்டில் இருக்கட்டும்.