முதுகில் பை, மறுவாரம் ஸ்டீயரிங்: இரண்டு பயணத்துக்கும் ஒரே கணக்கு ஆகாது

கேள்வி: நண்பர்கள் இருவருடன் முதுகுப் பையோடு மூன்று வாரம் வெளிநாடு சுற்றப் போகிறேன். மூன்று நாடுகள், ஹாஸ்டலில் தங்கல், ரயில், பேருந்து. இரவு விமானத்தில் ஊர் திரும்பி, மறுநாள் காலையே அப்பா, அம்மா, மனைவி, 6 வயது மகளோடு காரில் ஒரு வாரம் உள்நாட்டுப் பயணம். நான்தான் ஓட்டுவேன், ஒரு நாளைக்கு 600 கி.மீ. போகலாம் என்று நினைக்கிறேன். அப்பா இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். நண்பர்கள் 70 லிட்டர் பை வாங்கச் சொல்கிறார்கள். எந்தப் பை வாங்கலாம்? அதே பை கார் பயணத்துக்கும் உதவுமா? வேறு எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது ‘மறுநாள் காலையே’ என்ற இடம். பையை அப்புறம் பார்ப்போம், முதலில் இதை மாற்றுங்கள்.

இரவு விமானத்தில் யாரும் சரியாகத் தூங்குவதில்லை. உட்கார்ந்தபடி கண்ணயர்வதோடு சரி. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கை கால் வேகமும், இரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவருடையதைப் போல மந்தமாகிவிடும் என்று 1997-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. 24 மணி நேரம் விழித்திருந்தால் அது 0.10 சதவீத அளவுக்குச் சமம். 0.05 என்பதே பல நாடுகளில் வண்டி ஓட்டத் தடையான அளவு. போதாததற்கு நேர மண்டலங்களைத் தாண்டி வந்திருப்பீர்கள். ஒரு மணி நேர வித்தியாசம் சரியாக ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். அந்த நிலையில்தான் நால்வரை ஏற்றிக்கொண்டு கிளம்பத் திட்டமிட்டிருக்கிறீர்கள். குறைந்தது இரண்டு இரவாவது வீட்டில் முழுத் தூக்கம் தூங்குங்கள். விடுமுறை போதவில்லையென்றால் வெளிநாட்டில் இரண்டு நாளைக் குறையுங்கள்.

இந்த இரண்டு பயணத்துக்கும் வெவ்வேறு கணக்கு. பையோடு போகும்போது எடையைப் பார்க்க வேண்டும், காரில் போகும்போது நேரத்தை. முன்னதில் ஒவ்வொரு கிலோவும் உங்கள் இடுப்பில் ஏறுகிறது. பின்னதில் ஒவ்வொரு மணி நேரமும் வண்டியில் இருப்பவர்களிலேயே பலவீனமானவரின் உடம்பில் ஏறுகிறது. இதை மாற்றிப் போட்டுக்கொள்கிறவர்கள்தான் அதிகம். வெளிநாட்டுக்கு நிமிடக் கணக்கில் அட்டவணை போட்டுவிட்டுப் பையைக் கண்டபடி நிரப்புவார்கள். காருக்கு டிக்கியில் சாமானைப் பார்த்துப் பார்த்து அடுக்கிவிட்டு, ஒரே மூச்சில் போய்விடலாம் என்பார்கள்.

பைக்கு வருவோம். 70 லிட்டர் வேண்டாம். அது கூடாரமும் அடுப்பும் உணவும் சுமந்து நாள்கணக்கில் மலையில் நடப்பவர்களுக்கானது. ஹாஸ்டலில் தங்குகிற உங்களுக்கு 40 லிட்டர் தாராளம். பெரிய பையில் இடம் காலியாக இருந்தால் நம் கை சும்மா இருக்காது, எதையாவது திணிக்கும். மூன்று வாரம் போனாலும் ஒரு வாரத் துணிதான், அப்புறம் துவைத்துக்கொள்ள வேண்டியதுதான். 40 லிட்டர் பை பெரும்பாலும் விமானத்தில் கையோடு கொண்டுபோகும் அளவுக்குள் அடங்கிவிடும். அதற்கான எடை வரம்பு பல நிறுவனங்களில் 7 முதல் 10 கிலோ. மூன்று நாடுகளுக்கு இடையே வெவ்வேறு விமானங்களில் ஏறுவதாக இருந்தால், இருப்பதிலேயே குறைந்த வரம்பை மனதில் வைத்துக் கட்டுங்கள்.

கடையில் வெறும் பையை மாட்டிப் பார்த்து வாங்காதீர்கள். வெறும் பை எல்லோருக்கும் பொருந்தும். எட்டு கிலோ அளவுக்கு எதையாவது உள்ளே வைக்கச் சொல்லுங்கள். தலையைக் குனிந்தால் கழுத்து முடிகிற இடத்தில் ஓர் எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும். இரண்டு கையையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் வைத்தால், கட்டைவிரல்கள் முதுகுப் பக்கம் ஒரு கோட்டில் நேருக்கு நேர் நிற்கும். அந்த எலும்பிலிருந்து இந்தக் கோடு வரை உள்ள நீளம்தான் உங்கள் முதுகளவு. ஆள் உயரத்தை வைத்துப் பை தேர்ந்தெடுத்தால் தப்பாகும். ஆறடி மனிதருக்குக் குட்டை முதுகும் உண்டு.

மாட்டும்போது எல்லாப் பட்டையையும் தளர்த்திவிட்டு, இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் உட்காரும்படி வைத்து அதை முதலில் இறுக்குங்கள். தோளில் மாட்டும் பட்டை அதற்குப் பிறகு, நெஞ்சுப் பட்டை கடைசியில். சரியாக மாட்டியிருந்தால் தோளில் மாட்டும் பட்டைக்கு அடியில் விரலை நுழைக்கும்போது எளிதாகப் போகும், ஏனென்றால் பாரத்தின் பெரும்பகுதி இடுப்புக்கு இறங்கியிருக்கும். 1950-களில் அமெரிக்காவில் டிக் கெல்ட்டி அலுமினியச் சட்டமும் இடுப்புப் பட்டையும் கொண்ட பைகளைச் செய்து விற்கத் தொடங்கியது இதற்காகத்தான். அடுக்கும்போது கனமானவை முதுகை ஒட்டி நடுவில் இருக்கட்டும். வெளிப்பக்கம் கனம் இருந்தால் பை உங்களைப் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு முழுப் பையையும் கட்டி, மாடிப்படி உட்பட ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் எதையெல்லாம் எடுத்து வெளியே வைக்கிறீர்களோ, அவையெல்லாம் முதலிலிருந்தே தேவைப்படாதவை. நான் இன்னமும் ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் இப்படி நடக்கிறேன், ஒவ்வொரு முறையும் இரண்டு கிலோவாவது குறைகிறது.

பவர் பேங்கைக் கையோடுதான் எடுத்துப் போக வேண்டும், சரக்கில் போடும் பையில் வைக்கக் கூடாது. பொதுவான வரம்பு 100 வாட்-மணி (Wh). 20,000 எம்ஏஎச் (mAh) என்று போட்டிருந்தால் 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள், 74 வரும், கவலையில்லை.

காகிதங்கள். பாஸ்போர்ட்டில் குறைந்தது 6 மாதம் மீதி இருக்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. போகிற நாளிலிருந்து பார்க்காமல், கடைசி நாட்டை விட்டு வெளியேறும் நாளிலிருந்து 6 மாதம் கணக்கிட்டால் எங்கும் சிக்கல் வராது. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகள் பட்டியலில் இருந்தால், அவை எல்லாம் சேர்ந்து ஒரே கணக்கு: எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. அந்த விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் கட்டாயம். இடையில் விமானம் மாறும் நாட்டுக்கு ட்ரான்சிட் விசா வேண்டுமா என்பதையும் பாருங்கள், பலர் மறப்பது அதைத்தான். மாத்திரை கொண்டுபோனால் மருந்தின் பொதுப்பெயர் எழுதிய மருத்துவர் சீட்டு கூட இருக்கட்டும். சாதாரணச் சளி மாத்திரைகளில் இருக்கும் சூடோஎஃபெட்ரினை 10 சதவீதத்துக்கு மேல் கொண்டவற்றை ஜப்பானுக்குள் கொண்டுபோகவே முடியாது.

மூன்று நண்பர்கள் என்றதும் எனக்கு ஸ்கூட்டர் வாடகை ஞாபகம் வருகிறது. அங்கே ஓட்ட நினைத்தால் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் சொந்த உரிமத்தோடு சேர்ந்தால்தான் செல்லும். 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி ஒன்று, 1968 வியன்னா ஒப்பந்தப்படி இன்னொன்று என இரண்டு வகை உண்டு, போகிற நாடு எதை ஏற்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கார் உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு இரு சக்கர வண்டியில் விழுந்தால், காப்பீட்டு நிறுவனம் ஒரு பைசா தராமல் போகலாம். பாலிசியில் ‘விலக்குகள்’ என்ற பக்கத்தை மட்டுமாவது கிளம்பும் முன் மூவரும் வாசித்துவிடுங்கள்.

இரண்டு கார்டு, இரண்டு வெவ்வேறு இடத்தில். அங்கே கார்டு இயந்திரமோ ஏடிஎம்மோ ‘உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டலாமா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். முதல் வகையில் மாற்று விகிதத்தை அவர்களே வைக்கிறார்கள், அது பெரும்பாலும் நமக்கு நஷ்டம்.

நட்பு விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஒருமுறை நாங்கள் நால்வர் போனோம். ஐந்தாம் நாள் ஓர் அருங்காட்சியக வாசலில், நுழைவுச்சீட்டு விலை அதிகமா இல்லையா என்று தொடங்கிய பேச்சு பெரிய சண்டையாகிவிட்டது. இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. பின்னால் யோசித்தபோது புரிந்தது, அந்த ஐந்து நாளில் எங்களில் யாரும் ஒரு மணி நேரம்கூடத் தனியாக இருந்ததில்லை. அதற்குப் பிறகு நாங்கள் வைத்துக்கொண்ட ஏற்பாட்டை உங்களுக்கும் சொல்கிறேன். மூன்று நாளைக்கு ஒருமுறை அரைநாள் அவரவர் வழியில் போய்விட்டு, சாயங்காலம் குறித்த இடத்தில் கூடுங்கள். தங்கல், டிக்கெட் போன்ற பொதுச் செலவுக்கு ஒரு பொதுப் பணம் போட்டு வையுங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு செலவழிக்க முடியும் என்பதைக் கிளம்பும் முன்பே மூவரும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். கையில் பணம் குறைவாக உள்ளவர் வெளிநாட்டில் வைத்து அதைச் சொல்லக் கூச்சப்படுவார்.

இனி கார். 600 கி.மீ. என்பதை 300 முதல் 350 ஆக்குங்கள். வரைபடம் 6 மணி நேரம் காட்டினால் உங்கள் வண்டிக்கு 8 என்று வையுங்கள். சாப்பாடு, கழிப்பறை, குழந்தை எல்லாம் அதில் அடக்கம். மனைவிக்கு ஓட்ட வருமென்றால் அவரோடு பகிர்ந்துகொள்ளுங்கள். உடம்பு இயல்பாகவே சோர்கிற நேரம் நடுநிசிக்குப் பின்னும், பிற்பகல் 2 முதல் 4 வரையும். 100 கி.மீ. வேகத்தில் நான்கே வினாடி கண் சொருகினால் வண்டி 110 மீட்டர் ஆளில்லாமல் ஓடியிருக்கும். கொட்டாவி தொடங்கினால் கண்ணாடியை இறக்குவதும் பாட்டை ஏற்றுவதும் பயன்படாது. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஒரு காபி குடித்துவிட்டு 20 நிமிடம் தூங்குங்கள். காபி வேலை செய்யத் தொடங்குவதற்கு ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும்.

பின்சீட்டில் இருக்கும் பெரியவர்களைக் கவனியுங்கள். ‘அவ்வளவு தாகமில்லை’ என்று சொல்லி, கொடுத்த தண்ணீர் பாட்டிலை அம்மா மடியிலேயே வைத்திருப்பார். அடிக்கடி வண்டியை நிறுத்தச் சொல்லக் கூச்சம், அதனால் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்திருப்பார். இதைப் பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். அவர்கள் கேட்பார்கள் என்று காத்திருக்காமல், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை ‘எனக்குக் காலை நீட்ட வேண்டும்’ என்று நீங்களே நிறுத்திவிடுங்கள். எல்லோரும் ஐந்து நிமிடம் நடக்கட்டும். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து போகும் பயணத்தில் கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-ல் சொன்னது. கார், பேருந்து, ரயில், விமானம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

அப்பாவின் இன்சுலினை டாஷ்போர்டு அறையில் வைக்காதீர்கள். வெயிலில் நிறுத்திய கார் அடுப்பு மாதிரி. ஐஸ் பெட்டியில் பனிக்கட்டியோடு நேராக ஒட்டவும் வைக்காதீர்கள், ஒருமுறை உறைந்த இன்சுலின் உதவாது. துணியில் சுற்றிக் குளிர்ப் பைக்குள் வைத்து, இறங்கும்போதெல்லாம் கையோடு எடுத்துப் போங்கள். அவர் சாப்பாட்டு நேரத்தை வைத்து வழியைத் திட்டமிடுங்கள், வழியில் கடை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். மகளுக்குப் பின்சீட்டில் பூஸ்டர் இருக்கை வேண்டும். 135 முதல் 150 செ.மீ. உயரம் வரும்வரை என்று நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். காரில் படம் பார்த்தால் அவளுக்கு வாந்தி வரலாம். காது ‘ஆடுகிறோம்’ என்கிறது, கண் ‘அசையவில்லை’ என்கிறது, அந்தக் குழப்பம்தான் குமட்டல். முன்னால் தொலைவில் தெரிவதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கிளம்பும் முந்தின நாள் டயருக்குப் பக்கத்தில் குனிந்து உட்காருங்கள். பக்கவாட்டில் டிஓடி (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. பள்ளம் நன்றாகத் தெரிந்தாலும் ரப்பருக்கு வயதாகும். பத்து வருடத்தை நெருங்கிய டயரில் குடும்பத்தை ஏற்றாதீர்கள். பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போனால் பல நாடுகளில் சட்டப்படியே ஓட்டக் கூடாது, மழைச் சாலையில் அதற்கு முன்பே பிடிமானம் போய்விடும். காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து, ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் முழு பாரத்துக்கான அளவைப் பார்த்து அடியுங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்து.

அதே பை உதவுமா என்று கேட்டிருந்தீர்கள். நன்றாகவே உதவும். வழியில் ஓர் இரவு மட்டும் தங்கும் ஊர்களில் டிக்கி முழுவதையும் இறக்கி ஏற்றுவதுதான் எல்லோருக்கும் எரிச்சல். கனமான பெட்டிகளை டிக்கியின் அடியில், பின்சீட்டை ஒட்டி வையுங்கள். ஐந்து பேருக்கும் அன்றைய இரவுக்கு ஒரு மாற்றுத்துணி, பல் துலக்கி, அப்பாவின் மருந்துச் சீட்டு இவற்றை மட்டும் அந்த 40 லிட்டர் பையில் போட்டு எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் அதை ஒரு தோளில் போட்டுக்கொண்டு, மறு கையால் மகளைப் பிடித்துக்கொண்டு இறங்கலாம்.