யாங்கூன் சந்தையில் பேரம்: தங்கள் கேள்விக்கு மறுமொழி

ஐயா, வணக்கம். மியான்மரின் யாங்கூன் (ரங்கூன்) நகரில் நம்மவர்கள் இன்றும் ஸ்காட் மார்க்கெட் என்றே அழைக்கும் போஜோ ஆங் சான் சந்தையில், காலையில் தாங்கள் கேட்ட விலைக்கே கடைக்கார அம்மையார் இசைந்த பிறகு ஜேடு (பச்சை நிற மணிக்கல்) வளையலை வேண்டாமென்று வைத்துவிட்டதும் அவர் ஏன் முகம் வாடினார் என்று கேட்டிருந்தீர்கள். தாமே சொன்ன விலையை விற்பவர் ஏற்றுக்கொண்டபின் பின்வாங்குவது எந்த வேளையிலும் முறையன்று. அதிலும், முதல் போணிப் பணத்தால் சரக்குகளைத் தட்டி அன்றைய வியாபாரம் செழிக்க வேண்டிக்கொள்ளும் வழக்கம் பர்மியரிடையே இருப்பதால், கைக்கு வந்த போணி நழுவுவது அவர்களுக்கு உண்மையிலேயே மனவருத்தம் தருவதாகும். திங்கட்கிழமை சந்தைக்கு விடுமுறை. வேறொரு நாள் சென்று அதே விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள், அவர் மகிழ்வார். ஆனால் உரிமம் பெற்ற கடையின் ரசீது இல்லாமல் மாணிக்கமோ ஜேடோ வாங்காதீர்கள். நாட்டைவிட்டுப் புறப்படும்போது சுங்க அதிகாரிகள் அதைக் கேட்கக்கூடும்.