நடிப்பைப் பற்றிய நகைச்சுவைத் தொடர் ஓடுமா? வெளியீட்டுக்கு முன்பே கணிப்பது எப்படி?

கேள்வி: வாரப் பத்திரிகை ஒன்றில் ஓடிடி பரிந்துரைப் பகுதி எழுதுகிறேன். நடிப்புப் பயிற்சி வகுப்பை மையமாக வைத்து ஒரு புதிய ஆங்கில நகைச்சுவைத் தொடர் அடுத்த மாதம் வருகிறது. அரைமணி நேர எபிசோடுகள், பெரிய சினிமா நட்சத்திரம் ஒருவர் இருக்கிறார். இப்போதைக்கு டிரெய்லர் மட்டும்தான் வந்திருக்கிறது. எப்படி வரவேற்கப்படும் என்று முன்னோட்டம் எழுதச் சொல்கிறார் ஆசிரியர். எதை வைத்து எழுதுவது?

பதில்: ஒரே தீர்ப்பாக எழுத வேண்டாம். விமர்சகர்கள், விருதுக்கு வாக்களிப்பவர்கள், வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் என்று மூன்று தரப்பையும் தனித்தனியாகக் கணியுங்கள். நடிப்பைப் பற்றிய தொடர்களில் இந்த மூன்று தரப்பும் அடிக்கடி மூன்று திசையில் போகும்.

கணிக்க எளிதானது விருதுதான். 'தி காமின்ஸ்கி மெத்தட்' உங்கள் தொடருக்கு மிக நெருங்கிய முன்மாதிரி. நெட்ஃபிளிக்ஸில் 2018 நவம்பரில் வந்தது. மைக்கேல் டக்ளஸ் அதில் வயதான நடிப்பு ஆசிரியர், ஆலன் ஆர்கின் அவருடைய ஏஜென்ட். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 2019 ஜனவரியில் கோல்டன் குளோப் விழாவில் சிறந்த நகைச்சுவைத் தொடர், சிறந்த நடிகர் இரண்டையும் தட்டிச் சென்றது. அன்று அந்த விருதுக்கு வாக்களித்தவர்கள் ஹாலிவுட்டில் இருந்த சுமார் 90 வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள். சினிமா நட்சத்திரம் சின்னத்திரைக்கு வந்தால் அவர்கள் ஆர்வத்தோடு வரவேற்பது வழக்கமாக இருந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சித் துறையினரே வாக்களிக்கும் எம்மி விருதில் நிலைமை வேறு. அங்கே வாக்காளர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், அவர்களில் பெரிய பிரிவு நடிகர்களுடையது. டக்ளஸுக்குத் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் எம்மி பரிந்துரை கிடைத்தது, விருது கிடைக்கவில்லை. ஆக, பெரிய நட்சத்திரம் நடிப்பு ஆசிரியராக வருகிறார் என்றால் நடிப்புக்கான பரிந்துரை வரும் என்று துணிந்து எழுதலாம். கோப்பை வரும் என்று எழுதாதீர்கள்.

வெளியீட்டுத் தேதியையும் கவனியுங்கள். எம்மிக்கான கணக்கு ஆண்டு ஜூன் 1 முதல் மே 31 வரை. அது முடியும் நேரத்தில், மார்ச் முதல் மே வரைக்குள், ஒரு தொடரை இறக்கினால் அதன்மேல் நிறுவனத்துக்கு விருது ஆசை இருக்கிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து விமர்சகர்கள். கதாசிரியர்கள், நடிகர்கள், ஒத்திகை, ஆடிஷன் என்று வரும் கதைகளின் மீது அவர்களுக்கு ஒரு சாய்வு உண்டு. அது அவர்கள் அன்றாடம் புழங்கும் உலகம். அதனால் விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் 85 சதவீதம் என்று பார்த்ததும் மயங்கிவிட வேண்டாம். அந்த எண் மதிப்பெண் அல்ல, நூறு விமர்சகர்களில் எத்தனை பேர் 'பரவாயில்லை' அல்லது அதற்கு மேல் சொன்னார்கள் என்ற கணக்கு. எல்லோரும் 'சுமாராக நன்றாக இருக்கிறது' என்று சொன்னாலும் 100 சதவீதம் வரும். விமர்சகர்களின் மதிப்பெண்களைக் கூட்டி மெட்டாகிரிட்டிக் தளம் தரும் சராசரியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது உயரமாகவும் இரண்டாவது அறுபதுகளிலும் இருந்தால், மதிக்கிறார்கள், ஆனால் யாரும் காதலிக்கவில்லை என்று பொருள். நகைச்சுவைத் தொடரை அந்த அளவு மதிப்பு காப்பாற்றாது.

விமர்சனங்கள் எப்போது வெளிவருகின்றன என்பதும் முக்கியம். ஒரு வாரம் முன்பே அனுமதித்திருந்தால் நிறுவனத்துக்கு நம்பிக்கை இருக்கிறது. எத்தனை எபிசோடுகளைப் பார்த்துவிட்டு எழுதினார்கள் என்பதை விமர்சனத்திலேயே தேடுங்கள். திரைப்பட விழாவில் அரங்கம் அதிர்ந்தது என்ற செய்திக்குக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள், அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் துறைக்காரர்கள்.

இனி கடினமான பகுதி, சாதாரணப் பார்வையாளர். இங்கேதான் இந்த வகைத் தொடர்கள் அதிகம் அடிபடுகின்றன, நல்ல தொடர்கள் உட்பட. புகழ் மங்கிய டிவி நடிகையாக லிசா குட்ரோ நடித்த 'தி கம்பேக்' 2005-இல் அமெரிக்காவின் ஹெச்பிஓ சேனலில் ஒரே சீசனில் நிறுத்தப்பட்டது. பிறகுதான் அதன் அருமை பேசப்பட்டு 2014-இல் மீண்டும் வந்தது. வாய்ப்புக்காகக் காத்திருக்கும் நடிகர்கள் விருந்துகளில் பரிமாறும் வேலை பார்க்கும் கதை 'பார்ட்டி டவுன்'. விமர்சகர்கள் கொண்டாடினார்கள், 2010-இல் அதன் இரண்டாம் சீசனின் கடைசி எபிசோடைப் பார்த்தவர்கள் சுமார் 74,000 பேர்தான். அது 2023-இல் திரும்பி வந்தது. இரண்டுமே எனக்கு மிகவும் பிடித்தவை. ஆனால் வாரப் பத்திரிகைக்கு முன்னோட்டம் எழுதுபவர் அடுத்த பத்தாண்டின் புகழைக் கணிக்க வேண்டியதில்லை, முதல் மாதத்தைக் கணித்தால் போதும்.

டிரெய்லரை வைத்துக்கொண்டு இப்படிக் கேட்டுப் பாருங்கள்: நடிப்பைக் கதையிலிருந்து எடுத்துவிட்டால், இந்த மனிதருக்கு என்ன வேண்டும்? 'பாரி' ஜெயித்தது இதனால்தான். 2018-இல் வந்த அந்தத் தொடரில் பில் ஹேடர் ஒரு கூலிக்கொலைகாரர், லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு நடிப்பு வகுப்பில் சேருகிறார். அவருக்கு வேண்டியது நடிப்பு அல்ல, வேறொரு வாழ்க்கை. முதல் சீசனில் 'மேக்பெத்' நாடகத்தில் அவருக்கு ஒரே ஒரு வரி, அரசி இறந்துவிட்டாள் என்று வந்து சொல்ல வேண்டும். மேடையேறுவதற்கு முன் தன் நண்பனைக் கொன்றுவிட்டு வருகிறார். அதுவரை மரக்கட்டை போல் நடித்தவர் அந்த வரியை உடைந்துபோய்ச் சொல்கிறார். எதிரே நிற்கும் வகுப்புத் தோழி சாலியின் நடிப்பு அதனால் எங்கேயோ போய்விடுகிறது. வகுப்பே அவரைப் பெரிய நடிகர் என்று பாராட்டுகிறது, நமக்கு வயிற்றைப் பிசைகிறது. நடிப்பு என்றால் என்ன என்று தெரியாதவருக்கும் அந்தக் காட்சி புரியும். ஹேடரும், ஆசிரியராக நடித்த ஹென்றி விங்க்ளரும் அந்த ஆண்டு எம்மி வாங்கினார்கள்.

இதே காட்சி இன்னொன்றையும் சொல்லித் தருகிறது. வேண்டுமென்றே மோசமாக நடிப்பது மிகக் கடினம். டிரெய்லரில் வகுப்பு மாணவர்கள் சொதப்பும் காட்சி வந்தால், அவர்கள் மனதார முயற்சி செய்து தோற்கிறார்களா, சிரிக்க வைக்கவே சொதப்புகிறார்களா என்று பாருங்கள். இரண்டாவது வகையாக இருந்தால் மூன்றாம் எபிசோடுக்குள் சலித்துவிடும்.

துறைக்குள்ளேயே சுற்றும் கிண்டல் இன்னொரு ஆபத்து. சூப்பர்ஹீரோ படப்பிடிப்பைக் கேலி செய்த 'தி ஃப்ரான்சைஸ்' 2024 அக்டோபரில் ஹெச்பிஓவில் வந்தது, 2025 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. ஸ்டுடியோ அதிபரைப் பற்றிய 'தி ஸ்டுடியோ' அடுத்த மார்ச்சில் ஆப்பிள் டிவியில் வந்து ஒரே ஆண்டில் 13 எம்மிகளை வாங்கியது. இரண்டுமே ஹாலிவுட்டைக் கேலி செய்பவைதான். ஆனால் இரண்டாவதில் சேத் ரோகனின் பாத்திரம் சினிமாவை உண்மையாகவே நேசிக்கிறது, எல்லோரும் தன்னை விரும்ப வேண்டும் என்று தவிக்கிறது. அந்தத் தவிப்பைப் புரிந்துகொள்ள ஹாலிவுட் தெரிந்திருக்கத் தேவையில்லை.

உங்கள் வாசகர்கள் தமிழ்ச் சப்டைட்டிலிலோ டப்பிங்கிலோ பார்க்கிறார்கள் என்றால் இது இன்னும் முக்கியம். நடிகர்களின் ஏஜென்ட்களைப் பற்றிய பிரான்ஸின் 'கால் மை ஏஜென்ட்' தொடர் மொழி கடந்து போனது. அதில் பிரெஞ்சு நட்சத்திரம் ழான் துஜார்தான் தன் சொந்தப் பெயரிலேயே நடிகராக வந்து, காட்டில் வாழும் வீரன் வேடத்திலிருந்து வெளியே வரமுடியாமல் திண்டாடுவார். அவர் யார் என்று தெரியாதவரும் சிரிப்பார். அதையே 2021-இல் இந்தியில் எடுத்தபோது அந்த வரவேற்பு கிடைக்கவில்லை. நட்சத்திரங்கள் வந்து போனார்கள், தங்களை அந்த அளவு கேலிக்கு ஒப்புக்கொடுக்கவில்லை என்பது என் கருத்து.

வெளியான பிறகு கணிப்பைச் சரிபார்க்க, தொடர் நெட்ஃபிளிக்ஸில் வந்தால் அதன் வாராந்திரப் பட்டியலைப் பாருங்கள். பார்த்த மொத்த மணிநேரத்தைத் தொடரின் நீளத்தால் வகுத்து அவர்கள் தரும் எண்ணிக்கை, நான்கு மணிநேரக் குறுந்தொடருக்கும் நியாயமானது. மொத்த நிமிடங்களை மட்டும் எண்ணும் பட்டியல்களில் சில எபிசோடுகளே கொண்ட அரைமணித் தொடர் பெரும்பாலும் கீழேதான் இருக்கும். முதல் வாரத்து இடம் நட்சத்திரத்துக்கும் விளம்பரத்துக்கும் கிடைப்பது. இரண்டாம், மூன்றாம் வாரத்தில் எவ்வளவு சரிகிறது என்பதுதான் தொடருக்குக் கிடைத்த மதிப்பு.

சரி, பத்திரிகையில் எப்படி எழுதுவது? 'நடிப்புக்கான பரிந்துரைகள் வர வாய்ப்பு அதிகம், விமர்சகர்கள் ஆதரிப்பார்கள், பொதுப் பார்வையாளர்கள் நிற்பது சந்தேகம்' என்கிற மாதிரி மூன்றையும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் டிரெய்லரிலிருந்து ஒரு காரணம் சொல்லுங்கள். முழு எபிசோடுகளைப் பார்க்கக் கொடுத்தால் முதலாவதையும் நான்காவதையும் பாருங்கள். முதல் எபிசோடை எல்லோரும் பார்த்துப் பார்த்துச் செதுக்கியிருப்பார்கள்.